எழுத்தை விட்டுவிட்டு எண்ணைப் படிக்காதீர்கள்

போர்க்கால ஜெர்மன் பிஸ்டலைக் கையில் கொடுத்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இது யாரிடம் இருந்தது?" சீரியல் நம்பரைப் பார்த்தால் ஒரு பெயர் வந்துவிடும் என்று நம்பி வருகிறார்கள். ஒரு அதிகாரி, ஒரு ரெஜிமென்ட், அதிர்ஷ்டம் இருந்தால் ஹிட்லரின் எஸ்எஸ் படையைச் சேர்ந்த ஒருவர். நம்பர் அதையெல்லாம் சொல்லாது. எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு, அந்த ஆண்டில் சுமாராக எத்தனையாவது, ராணுவத்துக்காக எந்த ஆய்வாளரின் முத்திரை விழுந்தது, பிற்பாடு யாராவது பாகங்களை மாற்றினார்களா என்பதுவரை சொல்லும். எனக்கு அதுவே போதுமான சுவாரசியம்.

நான் இருப்பது பென்சில்வேனியாவில். பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கென்று அமெரிக்க மத்திய அரசு கொடுக்கும் 'கியூரியோ அண்ட் ரெலிக்' லைசென்ஸ் வைத்திருக்கிறேன். பொதுவாக 50 வருடத்தைத் தாண்டியவை இதில் வரும். வாங்கியது, விற்றது எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். (ஊரில் இருக்கும் நண்பர்கள் கேட்பதால் ஒரு வரி: இந்தியாவில் 9 மி.மீ. பிஸ்டல் தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். அங்கே இருந்துகொண்டு படிக்கலாம், ரசிக்கலாம், அவ்வளவுதான்.) இந்தப் பக்கத்தில் இரண்டாம் உலகப் போருக்குப் போய்வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நிறைய. அப்பா போன பிறகு அலமாரியைக் காலி செய்யும்போது ஒரு பழைய துணிச்சுருளில் பிஸ்டல் கிடைக்கும். யாராவது என் பெயரைச் சொல்லியிருப்பார்கள், போன் வரும்.

போனதும் செய்வது தோட்டாக்கள் அடுக்கும் மேகசினை எடுப்பது, ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேல்பாகம்) பின்னால் இழுத்து, குழலின் பின்னால் உள்ள அறைக்குள் தோட்டா இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பது. அலமாரியில் எண்பது வருடம் கிடந்தது என்பதற்காகக் காலியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அப்புறம் ஒரு சின்னக் காந்தம். போர்க்கால ஜெர்மன் ராணுவத்தின் வால்தர் பி38 பிஸ்டல் மாதிரியே இருக்கிறது, ஆனால் ஃபிரேமில், அதாவது அடிச்சட்டத்தில், காந்தம் ஒட்டவில்லை என்றால் அது அலுமினிய ஃபிரேம். போருக்குப் பிந்தைய, பெரும்பாலும் மேற்கு ஜெர்மன் ராணுவத்துக்குச் செய்த பி1 வகை. போர்க்கால பி38க்கு எஃகு ஃபிரேம். "தாத்தா நார்மண்டியில் எடுத்தது" என்று வந்த பிஸ்டல்களில் சில இந்த இடத்திலேயே முடிந்துவிடும். அதைச் சொல்வதுதான் கஷ்டம்.

சரி, காந்தம் ஒட்டிவிட்டது. இனி எண்.

பி38ஐ மூன்று தொழிற்சாலைகள் செய்தன. எதிரிக்கு எது எங்கே உற்பத்தியாகிறது என்று தெரியக்கூடாதென்று பெயருக்குப் பதில் குறியீடு போட்டார்கள். துரிங்கியா மாநிலம் ஸெல்லா-மெஹ்லிஸ் ஊரில் இருந்த வால்தருக்கு முதலில் '480', 1940க்குள்ளேயே அது மாறி 'ஏசி'. ஓபர்ன்டார்ஃபில் இருந்த மௌசருக்கு 'பிஒய்எஃப்', 1945இல் 'எஸ்விடபிள்யூ'. அப்போது க்ரோட்டாவ் என்று அழைக்கப்பட்ட, இன்று செக் நாட்டில் ஹ்ராடெக் நாட் நிசோ எனப்படும் ஊரில் இருந்த ஸ்ப்ரேவெர்க்குக்கு 'சிஒய்கியூ'. ஸ்லைடின் இடப்பக்கம் குறியீடு இருக்கும். வால்தரும் மௌசரும் அதோடு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தைப் போட்டார்கள், ஸ்ப்ரேவெர்க் போடவில்லை.

இதற்குப் பக்கத்தில்தான் சீரியல் நம்பர். பெரும்பாலோர் இலக்கங்களை மட்டும் எழுதிக்கொண்டு வருவார்கள்: "4567, ஏசி 42. எப்போது செய்தது?" பதிலே சொல்ல முடியாது. ராணுவ எண் முறையில் ஒரு தொகுதி பத்தாயிரத்தோடு முடியும். அடுத்தது மறுபடி 1இல் தொடங்கும், பின்னால் 'ஏ' சேரும். அது முடிந்தால் 'பி', அப்புறம் 'சி'. வால்தரில் ஆண்டு பிறந்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஆகவே 1942இல் 4567 என்ற எண்ணோடு ஒன்றல்ல, பல பிஸ்டல்கள் வெளியே வந்தன. 4567 சி என்றால் முப்பதாயிரத்தைத் தாண்டி, 34,567 வாக்கில். 4567 எஃப் என்றால் 64,567 வாக்கில். எழுத்தை விட்டுவிட்டு எண்ணைச் சொல்வது, 'டிஎன் 09' எல்லாவற்றையும் விட்டுவிட்டு வண்டி நம்பர் 4567 என்று போலீஸில் புகார் கொடுக்கிற மாதிரி.

எழுத்தைப் படிப்பதும் சுலபமில்லை. பி38க்கு முந்தைய ஜெர்மன் ராணுவப் பிஸ்டலான லூகரில் அது சாய்வான கையெழுத்துப் பாணியில், எண்ணுக்குக் கீழே சின்னதாக விழுந்திருக்கும். தேய்ந்த 'என்'னும் 'யூ'வும் ஒன்றுபோலத் தெரியும். நான் அறையை இருட்டாக்கிவிட்டு, டார்ச்சை உலோகத்துக்கு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்து ஒரு படம், எதிர்ப்பக்கத்தில் பிடித்து இன்னொரு படம் எடுப்பேன். ஒரு பக்க வெளிச்சத்தில் மறைந்த கோடு மறுபக்க வெளிச்சத்தில் தெரியும். இன்னும் தெரியவில்லையென்றால் கொஞ்சம் டால்கம் பவுடரைத் தேய்த்து மேலே துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கும். உலோக பிரஷ், பாலிஷ், துரு நீக்கி எதுவும் வேண்டாம்.

ஸ்ப்ரேவெர்க்கில் ஆண்டு இல்லாததால் எழுத்து மட்டும்தான் வழி. அங்கே ஆண்டுதோறும் திரும்பத் தொடங்காமல் எழுத்துத் தொடர் 1942இலிருந்து தொடர்ச்சியாக ஓடியது. அகரவரிசை தீர்ந்ததும் எழுத்தை எண்ணுக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். கடைசிக்காலப் பிஸ்டல்களில் ஒரு வேடிக்கை: 'சிஒய்கியூ' அச்சில் ஒய்யின் வால் உடைந்துபோனதால் அது 'சிவிகியூ' என்று விழுந்திருக்கும். வேறு ஒரு ரகசியத் தொழிற்சாலை என்று யாராவது விலை ஏற்றினால் நம்பாதீர்கள். கருவி உடைந்திருக்கிறது, மாற்ற நேரமில்லை, அவ்வளவே.

அந்தக் கடைசிக்காலத் துப்பாக்கிகளை உருப்பெருக்கியில் பார்த்தால் கடைசல் கருவி போட்ட கோடுகள் அப்படியே இருக்கும். 1941 வால்தரின் வழவழப்பு எங்கே, இது எங்கே. சேகரிப்பாளர்கள் 'போர் அவசரம்' என்று ஒரு சொல்லில் கடந்துவிடுவார்கள். மௌசர் ஆலையில் கட்டாய உழைப்பாளர்களை வைத்து வேலை வாங்கினார்கள். நோயெங்காமெ வதைமுகாமில் வால்தருக்காகக் கைதிகளை வைத்தே ஓர் ஆயுத ஆலை நடந்தது. அந்தக் கோடுகளை ரசிக்கும்போது இதையும் தெரிந்துகொண்டு ரசிப்பது நல்லது என்பது என் கட்சி.

அடுத்து கழுகுகள். இவற்றில்தான் குழப்பமும் ஏமாற்றும் அதிகம். ராணுவ ஆயுத அலுவலகத்தின் ஆய்வாளர்கள் தொழிற்சாலையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பாகத்தை ஏற்றுக்கொண்டால் ஒரு சின்னக் கழுகு, கீழே ஆய்வாளர் குழுவின் எண். பி38 ஸ்லைடின் வலப்பக்கத்தில் இரண்டு கழுகுகளையும் நடுவில் ஸ்வஸ்திகாவைக் கவ்விய இன்னொரு கழுகையும் பார்க்கலாம். நடுவில் இருப்பது சுட்டுச் சோதித்ததற்கான முத்திரை. வால்தரில் கழுகு 359, ஸ்ப்ரேவெர்க்கில் 88. மௌசரில் காலத்தோடு மாறியது: 63, பிறகு 655, பிறகு 135. இந்த வரிசை ரொம்ப உபயோகமானது. 1937 என்று தேதியிட்ட லூகரில் கழுகு 135 இருந்தால், பாகம் பிற்பாடு மாறியிருக்கிறது அல்லது முத்திரை பிற்பாடு விழுந்திருக்கிறது. இரண்டில் எதுவானாலும் விலை பேசுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் எண் பொருந்தவில்லை என்றதும் போலி என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. 1944 வால்தரில் ஃபிரேமில் கழுகு 140 இருப்பதைப் பார்த்து ஒருவர் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டார். 140 பெல்ஜியத்தில் எர்ஸ்டாலில் இருந்த எஃப்என் ஆலையின் எண். ஜெர்மானியர்கள் அந்த ஆலையைப் பிடித்து வைத்திருந்தபோது பி38க்கான பாகங்களை அங்கே செய்வித்தார்கள், அவை வால்தருக்கும் வந்தன. நான் பார்த்த அந்தப் பிஸ்டலில் ஸ்லைடு, ஃபிரேம், பேரல் மூன்றிலும் ஒரே எண், ஒரே எழுத்து. கழுகு வேறாக இருந்தாலும் எண் ஒன்றாக இருப்பதால் ஆலையிலேயே சேர்ந்தவை. அவர் அதை இன்னும் வைத்திருக்கிறார்.

நேர்மாறான கதை 'எஸ்விடபிள்யூ 45'. போரின் கடைசி மாதங்களின் பிஸ்டல் என்று ஆசையாக வாங்குவார்கள். ஓபர்ன்டார்ஃபை 1945 ஏப்ரலில் பிரெஞ்சுப் படை பிடித்தது. மௌசர் ஆலையில் மிச்சமிருந்த பாகங்களைக் கொண்டு தங்கள் ராணுவத்துக்காகவே பி38களைத் தொடர்ந்து செய்துகொண்டார்கள். சாம்பல் நிறப் பூச்சு, உலோகத் தகட்டாலான கிரிப் (கைப்பிடி), எங்காவது ஒரு சின்ன ஐந்துமுனை நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தைத் தேடாமல் 1945 மௌசருக்குப் பணம் கொடுக்காதீர்கள். பிரெஞ்சுப் பிஸ்டலும் நல்ல சேகரிப்புப் பொருள்தான், இந்தோசீனாவரை போய்வந்திருக்கலாம். விற்பவர் சொல்லும் கதை மட்டும் வேறாக இருக்கும்.

லூகருக்கு வந்தால் வேலை பல மடங்கு. மேலே முழங்கால் மாதிரி மடங்கும் டாகிளில் குறியீடு, தோட்டா அறையின் மேல் ஆண்டு. மௌசர் செய்தவற்றில் 'எஸ்/42', பிறகு வெறும் '42', அதற்கப்புறம் 'பிஒய்எஃப்'. அறையின் மேல் ஆண்டுக்குப் பதில் 'கே' இருந்தால் 1934, 'ஜி' இருந்தால் 1935. இது பரவாயில்லை, பட்டியலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். நேரத்தைத் தின்பது சின்னப் பாகங்கள். டாகிள், பக்கத்தகடு, ட்ரிகர், தாழ் என்று ஒவ்வொன்றிலும் சீரியல் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். எல்லாம் ஒன்றானால்தான் 'மேட்சிங்'. ஒன்று பிசகினால் விலை பாதிக்குக்கூட இறங்கும். அதனால்தான் சிலர் பிசகிய பாகத்தின் எண்ணை அராவி எடுத்துவிட்டுப் புது எண் அடிக்கிறார்கள்.

அதை எப்படிப் பிடிப்பது? முதலில், ஒரே இலக்கம் இரண்டு பாகங்களில் வந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் படமெடுத்து ஒப்பிடுங்கள். ஏழின் தலைக்கோடு எவ்வளவு நீளம், மூன்றின் முதுகு தட்டையா வளைவா. அளவும் வடிவமும் திடீரென்று மாறினால் சந்தேகம். அடுத்து எண்ணைச் சுற்றியிருக்கும் மட்டம். அராவிய இடம் லேசாகக் குழிந்திருக்கும். ஜன்னல் வெளிச்சத்தைப் பரப்பின்மேல் ஓடவிட்டால் அந்த இடத்தில் பிரதிபலிப்பு நெளியும். கடைசியாகக் கழுகின் இறகு. பாலிஷ் சக்கரத்தில் பிடித்து மறுபடி நிறமேற்றிய துப்பாக்கியில் முத்திரைகளின் விளிம்பு கரைந்து, இறகுக்கோடுகள் மழுங்கிப் போயிருக்கும். நிறம் மட்டும் புத்தம்புதிதாகப் பளபளக்கும். பழசு பளபளத்தால் பர்ஸை உள்ளே வையுங்கள்.

மேகசினையும் பாருங்கள். லூகரோடு எண்ணிட்ட மேகசின் இரண்டு கொடுத்தார்கள். இரண்டாவதின் அடியில் எண்ணோடு ஒரு கூட்டல் குறி இருக்கும். பிஸ்டலோடு சொந்த மேகசினும் மிஞ்சியிருப்பது அபூர்வம்.

எஸ்எஸ் முத்திரை பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. ஒரு கன் ஷோவில் ஸ்லைடின் மேல் எஸ்எஸ்ஸின் சின்னமான இரண்டு மின்னல் எழுத்து பளிச்சென்று அடித்த பிஸ்டலைப் பார்த்தேன். முத்திரைப் பள்ளத்துக்குள் வெள்ளை உலோகம், சுற்றிலும் எண்பது வருடப் பழுப்பு. இப்படி அடிப்பதற்கான அச்சு செய்வது ஒன்றும் பெரிய வித்தையில்லை. எஸ்எஸ் பயன்படுத்திய பிஸ்டல்களில் மிகப் பெரும்பாலானவற்றில் அப்படி எந்த அடையாளமும் கிடையாது. 'பிளாக் விடோ' என்ற பெயரும் இந்தக் கணக்குத்தான்: கறுப்பு பேக்கலைட் கிரிப் போட்ட 1941, 42 லூகருக்கு ஜெர்மன் படை வைத்த பெயரல்ல அது, போருக்குப் பிறகு அமெரிக்க வியாபாரம் சூட்டியது.

உண்மையான உரிமை முத்திரைகள் அடக்கமாக இருக்கும். கடற்படை என்றால் கழுகின் கீழ் 'எம்', சிலவற்றில் 'ஓ' அல்லது 'என்' என்று தொடங்கும் உடைமை எண். 'ஓ' பால்டிக் கடலுக்கு, 'என்' வட கடலுக்கு. போலீஸ் பிஸ்டல்களில் கழுகின் பக்கத்தில் எண்ணுக்குப் பதில் 'சி', 'எஃப்', 'எல்' போன்ற எழுத்து. கழுகின் கீழ் 'என்' மட்டும் இருந்தால் அது 1940க்குப் பிறகான பொதுச் சோதனை முத்திரை. தனியார் விற்பனைத் துப்பாக்கியிலும் இருக்கும். இதைக் கடற்படை என்று விற்பவர்களும் உண்டு.

எண்ணே இல்லாத பிஸ்டலுக்கும் வரலாறு உண்டு. போலந்தில் ராடோம் ஆலையை ஜெர்மானியர்கள் எடுத்துக்கொண்டு 'விஸ்' பிஸ்டலைத் தங்கள் படைக்காகச் செய்வித்தார்கள். அங்கே வேலை செய்த போலந்துக்காரர்கள் கணக்கில் வராத பாகங்களை, எண் அடிக்காமலேயே, தலைமறைவுப் படைக்குக் கடத்தினார்கள். அது வெளிப்பட்டபோது 1942 அக்டோபரில் பலரைப் பகிரங்கமாகத் தூக்கிலிட்டார்கள். முழு பிஸ்டல் ஒன்று அங்கிருந்து வெளியே போகவே முடியாதபடி பேரல் வேலையை ஆஸ்திரியாவில் ஸ்டெயர் ஆலையில் வைத்துக்கொண்டார்கள். சீரியல் நம்பர் என்பது சேகரிப்பவர்களுக்காக வைத்ததில்லை என்பது இந்தக் கதையைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

கோல்ட் (Colt) மாதிரி அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனங்கள் பழைய பேரேட்டைப் பார்த்து, இந்த எண் இந்தத் தேதியில் இந்தக் கடைக்குப் போனது என்று கடிதமே தருவார்கள். போர்க்கால வால்தருக்கு அப்படி எழுதிக் கேட்க இடமில்லை. ஸெல்லா-மெஹ்லிஸை 1945 ஏப்ரலில் அமெரிக்கர்கள் பிடித்து, ஜூலையில் சோவியத் கையில் விட்டுப் போனார்கள். ஆலையும் போயிற்று, ஏடுகளும் போயின. இன்று நாம் சொல்லும் ஆண்டு, எழுத்துத் தொகுதி எல்லாம் சேகரிப்பாளர்கள் பல்லாண்டாக ஒவ்வொரு பிஸ்டலாகப் பார்த்துக் குறித்துவைத்ததிலிருந்து வந்தவை. ஆகவே உங்களிடம் ஒன்று இருந்தால், அது எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும், குறியீடு, முழு எண், எழுத்து, எல்லாக் கழுகு எண்களும் எந்த இடத்தில் என்பதோடு எழுதிவையுங்கள். மற்றவர்களோடு பகிரும்போது கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்தால் போதும். தொகுதி ஆய்வுக்கு அது தடையில்லை, உங்கள் எண்ணை இன்னொரு பிஸ்டலில் அடிக்க நினைப்பவனுக்குத் தடை.

பிஸ்டல் அமெரிக்காவுக்கு எப்படி வந்தது என்பதையும் உலோகத்தில் தேட வேண்டும். 1968இன் அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டத்துக்குப் பிறகு இறக்குமதியானவற்றில் இறக்குமதி நிறுவனத்தின் பெயரும் ஊரும் எங்காவது சின்னதாகப் பொறித்திருக்கும். அது இருந்தால் 'தாத்தா போரில் எடுத்துவந்தது' என்ற கதை அங்கேயே சாயும். சோவியத் படை கைப்பற்றி, பழுதுபார்த்து, பாகங்களைக் கலந்து கிடங்கில் வைத்திருந்தவை பல இப்படி வந்தன. உலோகத்தில் எழுதும் மின்பேனாவால் கீறிய எண்கள் அவற்றின் அடையாளம்.

போன வருடம் ஒரு பெரியவர் அவருடைய அப்பாவின் பி38ஐக் கொண்டுவந்தார். இறக்குமதி முத்திரை இல்லை. பிஸ்டலின் தோலுறையின் முதுகில் 'பி38', தயாரித்தவரின் குறியீடு, ஆண்டு, கழுகு. மடித்து மடித்துக் கோடு விழுந்த ஒரு தாளும் இருந்தது: கைப்பற்றிய ஆயுதத்தை வீட்டுக்கு எடுத்துச்செல்ல மேலதிகாரி கையெழுத்திட்டுக் கொடுத்த அனுமதி. தட்டச்சில் 'ஒரு ஜெர்மன் பிஸ்டல்', பக்கத்தில் நான்கு இலக்க எண். எழுத்து இல்லை! டைப் அடித்த எழுத்தருக்கு அந்தக் குட்டி எழுத்து தேவையில்லாத கீறலாகத் தெரிந்திருக்கும். கறாராகப் பார்த்தால் அதே இலக்கங்கள் உள்ள எந்த பி38க்கும் அந்தத் தாள் பொருந்தும். ஆனால் தாள், உறை, பிஸ்டல் மூன்றும் ஒரே பெட்டியில், ஒரே குடும்பத்தில் இருந்துவந்தவை. உறையின் ஆண்டும் ஸ்லைடின் ஆண்டும் ஒத்துப்போயின. நான் உண்மையானது என்றே நினைக்கிறேன், ஏன் என்பதையும் எழுதிக் கொடுத்தேன்.

"எந்த ஜெர்மன்காரனிடமிருந்து?" என்று அவரும் கேட்டார். ஜெர்மன் வீரர்களின் சம்பளப் புத்தகத்தில் கொடுத்த ஆயுதத்தின் எண்ணை எழுதும் பக்கம் உண்டு; அந்தப் புத்தகமும் பிஸ்டலோடு சேர்ந்து வந்திருந்தால் பெயர் சொல்லியிருக்கலாம். அவரிடம் அது இல்லை. தாளை லேமினேட் செய்துவிடலாமா என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். அமிலமில்லாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பிஸ்டலை மட்டும் தோலுறையிலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள். பழைய தோல் ஈரத்தை இழுக்கும், துரு கழுகு முத்திரையில்தான் முதலில் உட்காரும்.